பழைய ஜீப்பு வண்டிகளில் மின்சார ஏற்பாட்டைச் சீர்திருத்துதல்

தர்மபுரி ஜில்லாவில் மலைமேலும் மலையடிவாரத்திலும் பயிரிடும் குடியானவர்களுக்குப் பழைய ஜீப்பு வண்டி இன்றும் இன்றியமையாத துணையாக இருந்து வருகிறது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் விளையும் கேழ்வரகு, சாமை முதலிய தானியங்களைக் கீழே இறக்குவதற்கும், விதையும் உரமும் மேலே ஏற்றுவதற்கும், பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளியை விடியுமுன் கொண்டு சேர்ப்பதற்கும் இவ்வண்டி உதவுகிறது. இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் அவரை மலையினின்று இறக்குவதும் பல சமயங்களில் இதுவே. ஆகவே வளைவுகள் நிறைந்த பாதையில் விளக்கு மங்குவதும், வேண்டிய நேரத்தில் எஞ்சின் கிளம்பாதிருப்பதும் வெறும் அசௌகரியமாகா. அவை விளைபொருளின் விலைக்கும், சில வேளை உயிருக்கும் கேடு விளைவிப்பனவாம்.

1945-ம் வருஷத்தில் அமெரிக்க வில்லீஸ் கம்பெனியார் போர்க்கால ஜீப்பை விவசாயிகளுக்கு ஏற்றவாறு மாற்றி விற்கத் தொடங்கினர். அதன் வழிவந்த மகீந்திரா ஜீப்புகளே நம் நாட்டில் பெரிதும் பரவின. முற்காலத்து வண்டிகளில் டைனமோவும், பிற்காலத்தவற்றில் சிறிய ஆல்டர்னேட்டரும் பொருத்தப்பட்டிருந்தன. இவற்றை மாற்றிப் பெரிய ஆல்டர்னேட்டர் வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டிய விஷயங்களை இங்கு எடுத்துரைப்போம்.

குறை யாது?

முன்விளக்கு இரண்டுக்கும் 110 வாட்டு. பின்விளக்கு, வைப்பர் முதலியவற்றுக்குச் சுமார் 80 வாட்டு. ஆக 190 வாட்டு. 12 வோல்ட்டு வண்டியில் இதற்கு ஏறக்குறைய 16 ஆம்பியர் செலவாகும். பழைய டைனமோ வேகமாய்ச் சுழலும்போதுதான் 22 ஆம்பியர் அளவு கொடுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அதனிடமிருந்து பாட்டரிக்கு ஒன்றும் வராது. மார்க்கெட் வாயிலில் விளக்கெரிய நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவர் 16 ஆம்பியரையும் பாட்டரியிலிருந்தே எடுக்கிறார். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியாயின் நான்கு மணி நேரத்திற்குள் முற்றும் வறண்டுவிடும். விளக்கு அதற்கு வெகு முன்னரே மங்கும். ஆல்டர்னேட்டரோ எஞ்சின் மெதுவாய் ஓடும்போதும் கணிசமான மின்சாரம் கொடுக்கவல்லது. இதுவே அதன் முக்கிய குணம்.

மாற்றுமுன் சோதித்தல்

குறை கண்டவுடன் யந்திரத்தையே மாற்றுவது வீண் செலவாக முடியலாம். முதலில் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழிந்தபின் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டும், 12.2 காட்டினால் பாதியளவே மின்சாரம் உள்ளது. பின்பு எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டி, விளக்குகளை எரியவிட்டு, பாட்டரி முனைகளில் அளக்கவும். 13.8 முதல் 14.4 வரை இருத்தல் நலம். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2-ம், பாட்டரியில் 13.3-ம் காணப்பட்டால், குற்றம் யந்திரத்தினுடையதன்று. இடையிலுள்ள கம்பியினுடையது அல்லது எர்த்தினுடையது.

கம்பியின் பருமன்

வாய்க்கால் குறுகலாயிருந்தால் கிணற்றில் நீர் மிகுந்தும் கடைமடைக்கு எட்டாதது போலவே, கம்பி மெல்லியதாயிருந்தால் மின்சாரம் வழியிலேயே வெப்பமாகக் கழியும். 3 மீட்டர் நீளமும் 4 சதுர மில்லிமீட்டர் பருமனுமுள்ள செப்புக் கம்பியில் 60 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 0.77 வோல்ட்டு நஷ்டமாகும். அதே நீளத்திற்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியிட்டால் நஷ்டம் 0.19 வோல்ட்டு மாத்திரமே. பெரிய ஆல்டர்னேட்டரை வாங்கிப் பழைய கம்பியிலேயே இணைப்பவர் பயனை இழப்பதோடு, கம்பி சூடேறித் தீப்பற்றும் அபாயத்திற்கும் இடங்கொடுக்கிறார்.

யந்திரத்தைத் தெரிந்தெடுத்தல்

சாதாரண விவசாய உபயோகத்திற்கு 55 முதல் 65 ஆம்பியர் வரையுள்ள ஆல்டர்னேட்டர் போதுமானது. 60 ஆம்பியர் கொடுக்கையில் அது எஞ்சினிடமிருந்து ஏறக்குறைய இரண்டு குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்ளும். ஒற்றை வி-பெல்ட்டில் இதற்கு மிக மேற்பட்ட யந்திரத்தைப் பூட்டினால் பெல்ட்டு வழுக்கும்.

மிக முக்கியமாகக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே அமைந்துள்ளது. பம்பு இல்லாத ஆல்டர்னேட்டரை வாங்கிப் பொருத்திவிட்டால் விளக்கு பிரகாசமாய் எரியும். பிரேக்கு மிதியோ கல்லைப்போல் கடினமாகும். பாரம் ஏற்றி மலையிறங்குவோருக்கு இது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலால் பழைய யந்திரத்தில் பம்பும் அதற்குரிய எண்ணெய்க் குழாய்களும் உள்ளனவா என்று பார்த்து, அவ்விதமே உள்ளதை வாங்குக.

வேலை முறை

1. முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றவும். வண்டியின் சட்டத்தோடு இணைந்திருப்பது நெகடிவ் முனைதானா என்று உறுதி செய்துகொள்ளவும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாஸிடிவ் முனையே எர்த்தாக இருந்தது. மாறி இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நொடியில் கருகும்.

2. டைனமோவுக்குரிய கட்-அவுட்டைச் சுற்றிலிருந்து விலக்கவும். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் உளதாயின் வேறொன்று வேண்டுவதில்லை. கட்-அவுட்டின் வழியே மின்சாரம் பெற்று வந்த விளக்கு முதலிய கம்பிகளைத் தக்க பியூஸ் வழியாகப் பாட்டரியோடு இணைக்கவும்.

3. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து 16 சதுர மில்லிமீட்டர் கம்பியை நேரே பாட்டரிக்குக் கொண்டு செல்லவும். பாட்டரியின் அருகில் 80 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம் வேண்டும்.

4. டாஷ்போர்டிலுள்ள 30 ஆம்பியர் அம்மீட்டரின் வழியாக இப்பெரிய மின்சாரத்தைச் செலுத்தலாகாது. அதனை நீக்கி வோல்ட்டுமீட்டர் வைப்பதே உசிதம்.

5. சார்ஜ் எச்சரிக்கை விளக்கை அதற்குரிய முனையில் தவறாது இணைக்கவும். பல ஆல்டர்னேட்டர்கள் தொடக்கத்தில் காந்த சக்தி பெறுவது இவ்விளக்கின் வழியாகவே. பல்பு போனால் சார்ஜும் நின்றுபோகலாம்.

6. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் பாட்டரிக்கும் தடித்த எர்த் பட்டைகளை இடவும். இணைக்கும் இடத்தில் துருவையும் வர்ணத்தையும் சுரண்டி உலோகம் தெரியச் செய்தல் வேண்டும்.

7. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும்.

கம்பிகள் சைலன்ஸர் குழாயைத் தொடாமலும், தகட்டைத் துளைத்துச் செல்லுமிடங்களில் ரப்பர் வளையத்தினுள்ளும் செல்லுமாறு கட்டவும். கல்லும் சேறும் தெறிக்கும் பாதைகளில் இது அற்ப விஷயமன்று.

பின்னர்க் கவனிக்க வேண்டியவை

வேலை முடிந்ததும் மேற்கூறிய சோதனையைத் திரும்பச் செய்து, ஆல்டர்னேட்டருக்கும் பாட்டரிக்கும் இடையே வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேற்படாதிருத்தலைக் காண்க. வண்டி நிற்கும்போதே பிரேக்கையும் சோதித்தபின் சாலைக்குக் கொண்டு செல்லவும். எஞ்சின் ஓடுகையில் பாட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் டைனமோ காலத்தோடு ஒழியவேண்டும். ஆல்டர்னேட்டருக்கு அது நாசம் விளைக்கும். வண்டியில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் இணைப்பையும் நீக்குக.

பாட்டரிக்கு வாலை வடிநீரையே ஊற்றவேண்டும். நம் ஜில்லாவின் நிலத்தடி நீரில் உப்பும் புளோரைடும் மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டதும் அதன் பொருட்டே. குடிப்பதற்கே ஒவ்வாத நீர் பாட்டரித் தகடுகளுக்கு எங்ஙனம் ஒவ்வும்?

இவ்வேலையில் பழக்கமில்லாதவர் தாமே துணியாமல், தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரிஷியனிடம் ஒப்புவித்து, மேற்கண்டவற்றைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நலம். யந்திரத்தின் அளவைவிட, கம்பி, எர்த், பிரேக்குப் பம்பு ஆகிய மூன்றிலும் செலுத்தும் கவனமே குடியானவரைப் பத்திரமாய் வீடு சேர்ப்பதாகும்.