பாதி தண்ணீர், பாதி நெருப்பு: நெய்வேலி கரிக்கு ஏற்ற பர்னர்



பரீட்சையில் பர்னர் படம் போட்டு, பாகங்களைக் குறித்து, நாம் எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறோம். ஆனால் அன்று வீட்டில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஊரு கரியைக் கையில எடுத்தாலே ஈரம் ஒட்டுது. அது எப்படிடா தம்பி அவ்வளவு பெரிய அடுப்புல எரியுது?"

அப்பா சாம்பல் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. பள்ளிக்கூடம் போனதில்லை. புத்தகப் படத்தைக் காட்டி அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படம் காய்ந்த கருப்பு நிலக்கரிக்கு வரைந்த படம். அவருக்காகத் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறேன்.

ஈரம் எவ்வளவு?

நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். சாம்பல் பொதுவாக 10 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோவின் வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. நிலையத்தின் மொத்தத் திறன் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.1 கிலோ கரி வேண்டும். 210 மெகாவாட் பாய்லர் ஒன்று முழு லோடில் ஓடினால் மணிக்குச் சுமார் 230 டன் கரி. அதில் 115 டன் தண்ணீர்! பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி என்றால் மணிக்கு ஒன்பது, பத்து லாரி. அவ்வளவும் ஆவியாகிப் புகைபோக்கி வழியாகப் போகிறது.

ஒரு கிலோ கரியிலுள்ள அரைக் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் சுமார் 305 கிலோ கலோரி செலவு. அதாவது கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அங்கேயே போய்விடுகிறது. ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதி ஊதி அம்மா கண் சிவப்பாரே, அதே கதைதான்.

பர்னர் மில்லிலேயே தொடங்குகிறது

ஈர விறகை என்ன செய்வோம்? அடுப்பு ஓரத்தில் வைத்துக் காயவைப்போம். இங்கேயும் அதுதான் வழி. உலையின் மேற்பகுதியிலிருந்து ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் சூடுள்ள புகைவாயுவை இழுத்து மில்லுக்குள் விடுகிறார்கள். பீட்டர் வீல் மில் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: கரியை அடித்துப் பொடியாக்குகிறது, காயவைக்கிறது, மின்விசிறி போல் பர்னருக்குத் தள்ளுகிறது.

இங்கே ஒரு சிக்கல். கரியிலிருந்து வந்த நீராவி வேறெங்கும் போவதில்லை. பொடியோடு சேர்ந்து பர்னருக்கே வருகிறது. பொடியைச் சுற்றி ஆக்ஸிஜன் குறைவாக இருப்பதால் மில்லில் தீப்பிடிக்கும் ஆபத்து குறைகிறது, அது நல்லது. ஆனால் உலைக்குள் போனபின் தீப்பற்றத் தாமதமாகிறது, அது கெட்டது. இதற்கு ஒரு வழி, பர்னருக்கு முன்னால் ஓட்டத்தை இரண்டாகப் பிரிப்பது. பொடி அடர்த்தியாக உள்ள பகுதி கீழேயுள்ள முக்கிய பர்னருக்கும், நீராவியும் மெல்லிய தூளும் மேல் பர்னருக்கும் போகும். கீழே தீ உறுதியாக நின்றால், மேலே வருவது தானாக எரிந்துவிடும்.

சுத்தமாக எரிய

காற்றில் உள்ள நைட்ரஜனும் கரியில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகின்றன. மத்திய அரசு 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்கு இதற்கு வரம்பு கொண்டுவந்தது. ஈரக் கரியின் தீச்சுடர் வெப்பம் கருப்பு நிலக்கரியை விடக் குறைவு. அதனால் காற்றிலிருந்து உண்டாகும் ஆக்ஸைடு குறைவாகவே வரும். நம்ம கரியின் குறையே இங்கே நிறையாகிறது.

இன்னும் குறைக்க, காற்றைப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும். பர்னர் பக்கத்தில் காற்று கொஞ்சம் குறைவு, மேலே போனபின் மீதிக் காற்று. ஆனால் இதிலும் அளவு மீறக்கூடாது. காற்று மிகவும் குறைந்தால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும், சுவர்க் குழாய்கள் அரிக்கும், சாம்பலும் சீக்கிரம் இளகும். ஆகவே சுவரை ஒட்டி ஒரு திரை போல் காற்று விடுவது நல்லது.

நீண்ட நாள் உழைக்க

பர்னருக்கு எதிரிகள் மூன்று.

ஒன்று, தேய்மானம். கரியோடு வரும் மணல் உலோகத்தை அறுக்கிறது. தேய்மானம் ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். வேகத்தை நொடிக்கு 15 மீட்டரிலிருந்து 18 ஆக்கினால் தேய்மானம் 1.7 மடங்கு! அதற்காக ரொம்பக் குறைத்தாலும் பொடி குழாயில் படிந்துவிடும், தீ பின்னோக்கி வரும். வளைவுகளில் கனமான துகள்கள் வெளிச்சுவரில் மோதும். அந்த இடத்தில் அலுமினா ஓடு பதிக்கலாம்.

இரண்டு, சூடு. சாதாரண இரும்பு முனை தாங்காது. 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல் உள்ள எஃகு வேண்டும். இன்னொன்றைக் கவனியுங்கள்: ஓடும் பர்னரை விட நிறுத்திய பர்னர்தான் சீக்கிரம் கருகும். உள்ளே குளிர்விக்க ஓட்டம் இல்லை, எதிரே உலையின் அனல் மட்டும் இருக்கிறது. எனவே நிறுத்திய பர்னருக்கும் கொஞ்சம் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று, விரிவு. ஒரு மீட்டர் நீள எஃகு முனை 800 டிகிரி சூடேறினால் சுமார் 14 மில்லிமீட்டர் நீளும். நாலு பக்கமும் இறுக்கி வெல்டிங் வைத்தால் கோணிக்கொள்ளும். ஒரு முனையில் நகர இடம் விட்டு, ஷட்டவுனில் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும்.

தேய்ந்தால் என்ன?

மூலைகளிலிருந்து வரும் சுடர்கள் உலை நடுவில் சுழன்று ஒரு நெருப்புப் பந்தாக நிற்கின்றன. ஒரு பர்னர் மட்டும் தேய்ந்தாலோ கோணினாலோ பந்து நடுவை விட்டு ஒரு சுவர் பக்கம் சாய்கிறது. இளகிய சாம்பல் சுவரில் ஒட்டிக் கிளிங்கராக வளர்கிறது. பிறகு பாறை போல் கீழே விழுகிறது. கீழே வேலை செய்பவர் அப்பா போன்ற ஒருவர்.

ஆகவே சுத்தமாக எரிவதும் நீண்ட நாள் உழைப்பதும் தனித்தனி வேலை இல்லை. எல்லா பர்னரும் ஒரே மாதிரி இருந்தால் புகையும் குறையும், கிளிங்கரும் குறையும்.

2020 மே 7-லும் ஜூலை 1-லும் இரண்டாம் அனல்மின் நிலையப் பாய்லர்களில் நடந்த விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தது நம் ஊர் மறக்காத துயரம். அதற்கு பர்னர் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாய்லர் பக்கத்தில் எப்போதும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

முடிவாக

1962-இல் சோவியத் உதவியோடு 50 மெகாவாட்டில் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. 2015-இல் இயங்கத் தொடங்கிய இரண்டாம் நிலைய விரிவாக்கத்தில் கரியைச் சுண்ணாம்புக்கல்லோடு சுழலவிட்டு, சுமார் 850 டிகிரியில் எரிக்கும் பாய்லர்கள் வந்துவிட்டன. ஆனாலும் 210 மெகாவாட் யூனிட்களிலும், 2019 முதல் வந்த 500 மெகாவாட் யூனிட்களிலும் பொடிக்கரிதான் எரிகிறது. அவற்றைப் பழுது பார்க்கப் போகிறவர்கள் நாம்தான்.

ஷட்டவுனில் உள்ளே போகும் நாள் வந்தால், தேய்ந்த பர்னரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். எல்லா முனைகளையும் அளந்து எழுதி வையுங்கள். எது வேகமாகத் தேய்கிறது, ஏன் என்று கேளுங்கள்.

அப்பாவுக்குப் பதில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நேரா எரிஞ்சா கட்டி கம்மியா விழும், அப்படித்தானே?" என்றார். பத்து மார்க் கேள்விக்கு ஒரு வரியில் விடை!



இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு