வரைபடக் கருவிகளும் இலக்கியப் பயிற்சியும்

ஆங்கில வகுப்பில் நாடகமொன்று பாடமாக வைக்கப்படுமாயின், மாணாக்கர் முதலில் நாடுவது கதையையன்று, அகராதியையே. அருஞ்சொற்களுக்குப் பொருள் தேடுவதிலேயே நாட்கள் கழிய, நாடகத்தின் முழுவடிவம் அவர்க்குப் புலப்படாமலே போகின்றது. தாய்மொழி வாயிலாகக் கற்றுக் கல்லூரி புகுந்தார்க்கு இவ்விடர் பின்னும் மிகுதி. இதனை நீக்க, இணையத்தில் உள்ள வரைபடக் கருவிகள் எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்தே அவை தயங்கி நிற்கும் என்பதனை, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் கொண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதலாவது, காலக்கோடு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அமைத்த 'டைம்லைன்ஜேஎஸ்' என்னும் கருவியில், ஆண்டையும் நிகழ்ச்சியையும் அட்டவணையாக நிரப்பின், அவை ஒரு கோட்டில் முறையே வந்து நிற்கும். வரலாற்றின்படி, பாம்பேயின் மைந்தரை வென்ற சீசரின் வெற்றிவிழா கி.மு. 45 அக்டோபரிலும், லூப்பர்கேலியா திருவிழா கி.மு. 44 பிப்ரவரி 15-லும், சீசர் கொலையுண்டது மார்ச் 15-லும், பிலிப்பைப் போர் இரண்டும் கி.மு. 42 அக்டோபரிலும் நிகழ்ந்தன. நாடகத்திலோ வெற்றிவிழாவும் திருவிழாவும் ஒரே நாளில் அமைகின்றன. இரு போர்களும் ஒரே நாட் போராகின்றன. இவ்விரண்டு கோடுகளையும் மேலுங்கீழுமாக வைத்துக் காணும் மாணாக்கன், 'கவிஞர் ஏன் காலத்தைச் சுருக்கினார்?' என்று தானே வினவுவான். அவ்வினாவே நாடகக்கலையைப் பயில்வதற்கு வாயிலாகும்.

இரண்டாவது, சொற்கணக்கு. சின்க்ளேர், ராக்வெல் என்னும் அறிஞர் இருவர் அமைத்த 'வாயண்ட் டூல்ஸ்' என்னும் கருவியில் நூல் முழுவதையும் இட்டால், பலகால் வரும் சொற்கள் பெரிய எழுத்திலும், அருகி வருவன சிறிய எழுத்திலும் மேகம்போலத் திரண்டு தோன்றும். ஒரு சொல் நூலில் எவ்வெவ்விடத்துப் பயில்கின்றது என்பதனையும் ஏறியிறங்கும் கோடாக அது காட்டும். சீசர் மூன்றாம் அங்கத்து முதற்காட்சியிலேயே மாள்கின்றான். அவன் பெயரோ இறுதியங்கம்வரை ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. இடையில் மடிந்தவன் பெயரை நாடகத்திற்கு இட்டது ஏன் என்னும் ஐயத்திற்கு, இக்கோடு ஒரு விடையைச் சுட்டுகின்றது.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பிணத்தருகே நின்று பேசும் ஆன்டனி, புரூட்டஸைக் கண்ணியவான் என்று மீட்டும் மீட்டும் புகழ்கின்றான். கருவி அப்புகழ்ச்சியை எண்ணும். அதனுள் மறைந்த இகழ்ச்சியை அறியாது. அன்றியும், 'அது', 'உம்' போன்ற சிறு சொற்களைப் பயனற்றனவென்று அக்கருவி இயல்பாகவே ஒதுக்கிவிடும். அவ்வாறு ஒதுக்கப்படுவனவற்றுள் 'ஆனால்' என்பதும் ஒன்று. ஆன்டனியின் பேச்சு திரும்பும் கீல் அச்சொல்லேயன்றோ! அதனைத் தள்ளிவிட்ட படத்தை மட்டும் கண்டவன், அவனைப் புரூட்டஸின் நண்பனென்றே மயங்கக்கூடும்.

ஆதலின் ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்று உண்டு. எச்சொல் மிகுதியாக வரும் என்று மாணாக்கர் முதலில் தாமே கருதித் தாளில் எழுதுக. பின்னர்க் கருவி காட்டுவதனோடு அதனை ஒப்பிடுக. வேறுபாடு கண்டவிடத்து நூலைத் திறந்து, அப்பகுதியை வாய்விட்டு உரக்கப் படிக்க. ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலையும் ஒருமுறை பார்வையிடுக. இங்ஙனம் செய்யின், ஆங்கிலத்திற்கு அஞ்சும் மாணாக்கனும் சொல்லுதற்கு ஒரு கருத்தோடு வகுப்பில் எழுந்து நிற்பான்.

நாட்டின் படம் வழியைக் காட்டும். வழிநடத்தல் நம் கால்களின் கடன். வரைபடத்தைக் கண்டு மகிழ்ந்து நூலை மூடிவிடுவோமாயின், கற்றது கருவியேயன்றி நாமல்லோம். படம் எழுப்பிய வினாவோடு நூலுக்கு மீள்வோமாயின், அக்கருவியால் அடைந்த பயன் பெரிதாகும்.