நீல விளக்கும் பயணியின் கண்ணும்

பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்றால், வேன்களும் கார்களும் உள்ளுக்குள் நீலமும் ஊதாவுமாக ஒளிர்ந்துகொண்டு போவதைப் பார்க்கலாம். அந்த எல்.இ.டி. நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். எல்.இ.டி. தயாரிக்கும் ஓஸ்ராம், லுமிலெட்ஸ் என்ற பெயர்கள் அங்கே வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். 2017-இல் ஓஸ்ராம் கூலிமிலும் ஓர் ஆலை திறந்தது. விளக்கு இங்கேயே தயாராகிறது. அதைப் பற்றிய கட்டுக்கதைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

நம்பிக்கை: உள்ளே வெளிச்சம் கூடினால் பயணிக்குச் சுகம் கூடும்.

பாதிதான் சரி. காரின் அலங்கார விளக்கு ஓட்டுபவரின் மனத்தில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்த ஜெர்மானியக் குழுவின் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விளக்கு இருந்தால் உட்புறம் விசாலமாகத் தெரிகிறது, உள்ளேயுள்ள பொருள்கள் தரமானவையாகத் தோன்றுகின்றன, சுவிட்சுகள் எளிதில் கைக்கு அகப்படுகின்றன என்றது அது. ஆனால் அலங்கார விளக்கு என்றால் காலடியிலும் கதவோரத்திலும் பல்ப் கண்ணில் படாமல் மங்கலாகக் கசிகிற ஒளி. நம் கடைகளில் வாங்கி ஒட்டும் எல்.இ.டி. பட்டைகள் பெரும்பாலும் நேரே கண்ணைக் குத்துபவை. கூரையில் வெள்ளை வெளேரென்று எரியும் எல்.இ.டி. இன்னும் மோசம். ஜன்னல்கள் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். பயணிக்கு வெளியே எதுவும் தெரியாது. ஓட்டுநருக்கு முன்கண்ணாடியில் சாலையோடு பின்சீட்டுக்காரரும் தெரிவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குள் இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; அந்தப் பழக்கம் கலைய ஒரு நொடி வெளிச்சம் போதும். பினாங்குப் பாலத்தில் தெருவிளக்கு உண்டு, சமாளிக்கலாம். நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் பின்சீட்டில் யாரோ எதையோ தேட விளக்கைப் போட்டால், அணைத்த பிறகும் ஓட்டுநர் கொஞ்ச தூரத்துக்கு அரைக் குருடர்தான். பி.எம்.டபிள்யூ. பல ஆண்டுகள் தன் டாஷ்போர்டை ஆரஞ்சு நிறத்தில் ஒளிரவிட்டது சும்மா அழகுக்காக அல்ல. சிவப்பை ஒட்டிய ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கலைப்பதில்லை.

நம்பிக்கை: நீல விளக்கு ஓட்டுநரின் தூக்கத்தை விரட்டும்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் முழுப் பொய் இல்லை. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 48 ஆண்கள் இரவில் நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் ஓட்டினார்கள். காருக்குள் தொடர்ந்து எரிந்த 468 நானோமீட்டர் நீல ஒளி, காபியிலுள்ள கஃபீன் அளவுக்கே விழிப்பைக் காத்தது. கோட்டைத் தாண்டிப் போவது குறைந்தது. அதே ஆய்வின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை: எட்டுப் பேர் கண் கூசுகிறது என்று முறையிட்டதால், அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சோதனைக்கென்றே பொருத்திய விளக்கு அது. சீட்டுக்கடியில் ஒட்டிய பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்தவருக்கு எந்த நிறமும் தூக்கத்துக்கு ஈடாகாது. வேனில் கண்ணயர நினைக்கும் தொழிலாளிகளுக்கோ அந்த நீலம் தொல்லைதான்.

நம்பிக்கை: படிக்கும்போது நல்ல விளக்கு இருந்தால் பிள்ளைக்கு வாந்தி வராது.

வாந்திக்குக் காரணம் வெளிச்சக் குறைவு இல்லை. உடல் அசைகிறது என்று உள்காது சொல்கிறது. பக்கத்தையோ போனையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டலாகிறது. விளக்கைப் போட்டால் வெளிக்காட்சியும் மறைந்து குமட்டல் கூடவே வாய்ப்பு அதிகம்.

உள் விளக்கை அணைக்க மறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய 10 வாட் பல்ப் ஓர் ஆம்பியர்கூட இழுக்காது. ஓர் இரவு எரிந்தாலும் நல்ல பேட்டரி தாங்கும், கிழட்டுப் பேட்டரிதான் காலையில் கைவிரிக்கும்.

பட்டை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் கண்மட்டத்துக்குக் கீழே, மங்கலாக, மஞ்சள் கலந்த நிறத்தில் ஒட்டுங்கள். சாலைத் தடுப்பில் போலீசுக்காகப் போட்ட உள் லைட்டை, கிளம்பும் முன் அணைத்துவிடுங்கள்.