தேவை அறிந்து கருவி கொள்

நுழையும்முன்

உழவருக்கு ஏரும் தச்சருக்கு உளியும் எவ்வாறோ, அவ்வாறே இன்றைய சிறுதொழில் முனைவோருக்கு மடிக்கணினி. விலை மிகுந்ததே சிறந்தது என்று கருதி வாங்குவோரும் உண்டு; மலிவானதே போதும் என்று வாங்கி வருந்துவோரும் உண்டு. செய்யவேண்டிய வேலையை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்து, தொழிலுக்குப் பொருந்துமாறு அதனை அமைத்துக்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையில் ஒரு தொழில் நகரம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்துள்ள நகரம் ஓசூர். 2004-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்நகரம் உள்ளது. இங்கிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். சிப்காட் தொழில் வளாகங்கள் அமைந்த பின்னர் இப்பகுதியின் முகமே மாறியது. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும் டி.வி.எஸ். மோட்டாரின் இருசக்கர வாகனங்களும் டைட்டனின் கைக்கடிகாரங்களும் ஓசூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளும் கருங்கல் பட்டறைகளும் பெருகின.

பெருந்தொழிற்சாலைகளைச் சுற்றிச் சிறு தொழிற்கூடங்கள் பல இயங்குகின்றன. கடைசல் எந்திரங்கள் சிலவற்றையும் கணினிவழி இயங்கும் சி.என்.சி. எந்திரம் ஒன்றிரண்டையும் கொண்டு, வாகனங்களுக்கான உதிரிபாகங்களை இவை செய்து தருகின்றன. இத்தகைய கூடங்களில் உரிமையாளரே கணக்கரும் விற்பனையாளருமாக இருப்பதுண்டு. அவருடைய மேசைமீதுள்ள ஒரேயொரு மடிக்கணினியே அந்நிறுவனத்தின் அலுவலகம்.

2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லைகளிலிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீக்கப்பட்டன. அங்குத் தாளில் நடந்த வேலை, தொழிற்கூடத்தின் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை அனுப்ப வேண்டுமானால், வண்டி புறப்படுமுன் மின்வழிச் சீட்டு உருவாக்கப்படல் வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான சரக்குப் போக்குவரத்துக்கு இம்முறை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உரிய நேரத்தில் கணினி இயங்கவில்லையெனில் சரக்கேற்றிய வண்டி வாயிலிலேயே நிற்கும்; மறுமுனையில் உதிரிபாகத்தை எதிர்நோக்கியிருக்கும் உற்பத்திப் பிரிவும் தடைப்படும். ஆகவே இங்கு மடிக்கணினித் தேர்வு ஒரு தொழில் முடிவே ஆகும்.

தெரியுமா?

சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு எண் 15 குறியீடுகளைக் கொண்டது. அவற்றுள் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிற்கு 33, கர்நாடகத்திற்கு 29. ஒரு விலைப்பட்டியலில் விற்பவரின் எண் 33 என்றும் பெறுபவரின் எண் 29 என்றும் தொடங்கினால், அவ்விருவரும் வெவ்வேறு மாநிலங்களில் பதிவு செய்தவர்கள் என்பதைப் பார்த்த அளவிலேயே அறியலாம்.

தமிழ்மண்ணில் வளர்ந்த முன்னோடி

கணினியைக் கையில் எடுத்துச்சென்று தொழில் செய்யலாம் என்னும் எண்ணத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆடம் ஆஸ்பார்ன். இவர் 1939-ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன், இரமண மகரிஷியின் அடியவர். அதனால் ஆடமின் இளமைப்பருவம் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே உள்ள திருவண்ணாமலையில் கழிந்தது. தமிழ் பேசவும் அவர் கற்றிருந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேதிப்பொறியியல் பயின்று, கணினி நூல்களின் ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் புகழ்பெற்றார்.

1981 ஏப்ரல் மாதத்தில் அவருடைய நிறுவனம் 'ஆஸ்பார்ன் 1' என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்; திரையின் அளவு 5 அங்குலம்; விலை 1,795 டாலர். அக்கணினியின் உறுப்புகளில் புதுமை மிகுதியில்லை. எனினும் எழுதுவதற்கான மென்பொருளும் கணக்கு அட்டவணைக்கான மென்பொருளும் அதனுடனேயே சேர்த்துத் தரப்பட்டன. வாங்கியவர் பெட்டியைத் திறந்த அன்றே வேலையைத் தொடங்க முடிந்தது. உயர்ந்த உறுப்புகளைக் காட்டிலும் வேலைக்குப் போதுமான உறுப்புகளே தேவை என்பது ஆஸ்பார்னின் கொள்கை. அதனை மக்கள் விரும்பி வாங்கினர்.

ஆயினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. அடுத்த கணினியைப் பற்றிய செய்தி முன்கூட்டியே பரவியதால், பலர் பழையதை வாங்காமல் காத்திருந்தனர் என்றும் விற்பனை சரிந்தது என்றும் கூறுவர். போட்டியும் நிருவாகச் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. 1983 செப்டம்பரில் அந்நிறுவனம் நொடித்துப் போனது. ஆஸ்பார்ன் தம் இறுதிக்காலத்தைத் தமிழகத்தில் கழித்து, 2003-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

அவர் வரலாறு மடிக்கணினி வாங்குவோர்க்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. வேலைக்குப் போதுமானதைத் தேர்வதே அறிவுடைமை என்பது ஒன்று. இன்னும் புதியது வரும் என்று முடிவின்றிக் காத்திருத்தலும் இழப்பே என்பது மற்றொன்று.

முதலில் வேலைப் பட்டியல்

மடிக்கணினி வாங்க விரும்புவோர் கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் தம் வேலைகளை எழுதவேண்டும். எந்த வேலை, எந்த மென்பொருள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் என்பன அப்பட்டியலில் இடம்பெறல் வேண்டும். ஓசூரின் சிறு தொழிற்கூடம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் மூவகை வேலைகள் புலப்படும்.

முதலாவது, கணக்கும் விலைப்பட்டியலும். இதற்குப் பெரிதும் பயன்படும் டாலி மென்பொருளின் நிறுவனம், 1986-இல் தொடங்கப்பட்டுப் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. இம்மென்பொருள் விண்டோஸ் இயங்குதளத்திற்கென உருவாக்கப்பட்டது. இதனை அறியாமல் அழகிலும் உறுதியிலும் மயங்கி வேறோர் இயங்குதளமுடைய கணினியை வாங்குவோர், கணக்கெழுதும்போது இடர்ப்படுவர். இவ்வேலைக்கு விலையுயர்ந்த நுண்செயலி தேவையில்லை, 8 ஜி.பி. முதன்மை நினைவகம் போதும், 16 ஜி.பி. இருப்பின் நன்று. நாள் முழுதும் எண்களைத் தட்டச்சிடுவோர்க்கு, தனி எண்விசைகள் கொண்ட விசைப்பலகையே பெரிய வசதி.

இரண்டாவது, உதிரிபாக வரைபடங்கள். முப்பரிமாண வரைபட மென்பொருள்கள் மிகுதியான கணக்கீடுகளைச் செய்பவை. அவற்றுக்கு ஆற்றல்மிக்க நுண்செயலியும் 16 அல்லது 32 ஜி.பி. நினைவகமும் தனி வரைகலைச் செயலியும் வேண்டும். மென்பொருள் நிறுவனம் பரிந்துரைக்கும் தகுதிகளை அதன் இணையப்பக்கத்தில் பார்த்தறிந்த பின்னரே கணினியைத் தேர்தல் வேண்டும்.

மூன்றாவது, எந்திரக்கூடத்தில் செய்யும் வேலை. பழைய சி.என்.சி. எந்திரங்கள் பலவும் ஆர்.எஸ்.232 என்னும் தொடர்முனை வழியாகவே கட்டளைகளைப் பெறுகின்றன. இன்றைய மடிக்கணினிகளில் அம்முனை பெரும்பாலும் இல்லை. யு.எஸ்.பி. முனையில் பொருத்தும் மாற்றி வேண்டும் என்பதை முன்னரே அறிந்தால் வாங்கிய பிறகு திகைக்க நேராது. கூடத்தின் விளக்கொளியைப் பிரதிபலிக்காத மங்கல்பூச்சுத் திரை, மின்தடையிலும் இயங்கவல்ல மின்கலம், எண்ணெய்ப்படலத்தையும் உலோகத்தூளையும் தடுக்க விசைப்பலகைக்கு ஓர் உறை ஆகியன இங்குத் தேவைப்படும்.

இம்மூன்று வேலைகளையும் ஒரே கணினி செய்யவேண்டுமா, இரண்டாகப் பிரிக்கலாமா என்பதனையும் இப்பட்டியலே காட்டிவிடும். வரைபடத்திற்கு ஆற்றல்மிக்க ஒன்றும் கணக்குக்கு எளிய ஒன்றுமாக வாங்குவது, சில நேரங்களில் விலைமிகுந்த இரண்டினை வாங்குவதினும் சிக்கனமாகும்.

உறுப்புகளை அறிதல்

கணினியின் உறுப்புகளைத் தொழிற்கூடத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நுண்செயலி என்பது வேலை செய்யும் தொழிலாளி. முதன்மை நினைவகம் அவர்முன் உள்ள மேசை. சேமிப்பகம் என்பது பொருள்களை அடுக்கிவைக்கும் கிடங்கு. தொழிலாளி எவ்வளவு திறமையானவராயினும் மேசை சிறிதாயின், ஒவ்வொரு பொருளையும் எடுக்கக் கிடங்கிற்கு நடந்துகொண்டே இருப்பார். நினைவகம் குறைந்த கணினி மெதுவாக இயங்குவதன் காரணம் இதுவே.

சேமிப்பகம் இருவகைப்படும். வன்தட்டில் வட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மீது மிகச் சிறிய இடைவெளியில் படிமுனை நகர்கிறது. அச்சு எந்திரங்கள் அதிரும் கூடத்தில் இஃது எளிதில் பழுதுபடக்கூடும். திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. அதனால் அதிர்வைத் தாங்குகிறது, விரைவாகவும் இயங்குகிறது. எனவே தொழிற்கூடத்திற்கு இதுவே ஏற்றது.

தொழிலுக்கேற்ப அமைத்தல்

ஆயத்த ஆடையை உடலளவுக்கேற்பத் திருத்திக்கொள்வதுபோல, மடிக்கணினியையும் தொழிலுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். வணிகப் பயன்பாட்டிற்கென வரும் கணினிகளில் நினைவகம், சேமிப்பகம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை வாங்கும்போதே தேர்ந்துகொள்ளும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. சில கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் அதனைக் கூட்ட இயலாது. சிலவற்றில் கூடுதல் செருகிடம் இருக்கும். இன்று 8 ஜி.பி. வாங்கி, தொழில் வளர்ந்தபின் கூட்டிக்கொள்ளலாம் என்று கருதுவோர், செருகிடம் உண்டா என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

பெங்களூருவின் எஸ்.பி. சாலையிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும் பழைய கணினிகளைச் சீர்செய்து விற்பதுண்டு. தொடக்கநிலை முனைவோர்க்கு இவை உதவும். எனினும் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் அதற்குரிய நுண்செயலியும் வேண்டும். இவை இல்லாத பழைய கணினி, விலை குறைவாயினும் பாதுகாப்பில் குறையுடையதாகும்.

மொழியமைப்பும் இன்றியமையாதது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். ஒருங்குறித் தரத்திலும் இம்மூன்று மொழிகளின் எழுத்துகள், மொழிக்கு 128 இடங்கள் வீதம், ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையையும், தேவைக்கேற்பக் கன்னட, தெலுங்கு விசைப்பலகைகளையும் ஒரே கணினியில் அமைக்கலாம். தொழிலாளர்க்கான பாதுகாப்பு அறிவிப்பு அவரவர் மொழியில் அச்சாகும்போதுதான் அதன் நோக்கம் நிறைவேறும்.

தரவுகளைக் காத்தல்

கணினி பழுதுபட்டால் வேறொன்று வாங்கலாம். அழிந்த கணக்கையும் வரைபடத்தையும் கடையில் வாங்க இயலாது. ஆகவே முதன்மையான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும்; அவை இருவேறு வகைச் சேமிப்பகங்களில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். வாடிக்கையாளர் நம்பிக்கையோடு தரும் வரைபடம் பிறர் கைக்குச் செல்லாதிருக்க, சேமிப்பகத்தை மறையாக்கம் செய்துவைப்பது நல்லது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்தல், மென்பொருள்களை முறையாகப் புதுப்பித்தல், உரிமம் பெற்ற மென்பொருள்களையே நிறுவுதல் ஆகியனவும் பாதுகாப்பின் பகுதிகளே.

விலையைக் கணக்கிடல்

மடிக்கணினிக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 60,000 ரூபாய் மதிப்புள்ள கணினிக்கு வரி 10,800 ரூபாய். மொத்தம் 70,800 ரூபாய். விலைப்பட்டியலில் நிறுவனத்தின் வரிப் பதிவு எண் இடம்பெற்றிருந்து கணினியும் தொழிலுக்கே பயன்பட்டால், அவ்வரியை உள்ளீட்டு வரி வரவாக விதிகளுக்குட்பட்டுப் பெறலாம். சொந்தப் பெயரில் பட்டியல் வாங்குவோர் இவ்வாய்ப்பை இழப்பர்.

விலையைப் பயன்படும் ஆண்டுகளால் வகுத்தும் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்க் கணினி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் செலவாகும். 40,000 ரூபாய்க் கணினி இரண்டே ஆண்டுகளில் பயனற்றுப் போனால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகும். குறைந்த விலை எப்போதும் குறைந்த செலவு ஆகாது. பழுது நேர்ந்தால் தொழிற்கூடத்திற்கே வந்து சீர்செய்யும் உத்தரவாதம் உண்டா என்பதும் இக்கணக்கில் சேரும். வேலை நின்ற நாளுக்கும் ஒரு விலை உண்டு.

செலவையும் பயனையும் எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்குதலைத் திருவள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். உளியைத் தேர்வதற்கும் கணினியைத் தேர்வதற்கும் அவ்வறிவு பொதுவானது. கருவிகள் ஆண்டுதோறும் மாறும். வேலையை முதலில் எழுதிப் பார்க்கும் பழக்கம் உடையவர், எந்தக் கருவி வந்தாலும் அதனைத் தமக்கு ஏவலாக்கிக்கொள்வர்.

கலைச்சொல் அறிவோம்

நுண்செயலி – பிராசசர்
முதன்மை நினைவகம் – ரேம்
திண்மநிலைச் சேமிப்பகம் – எஸ்.எஸ்.டி.
வன்தட்டு – ஹார்டு டிஸ்க்
தாய்ப்பலகை – மதர்போர்டு
இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
மறையாக்கம் – என்கிரிப்ஷன்
ஒருங்குறி – யூனிகோடு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள சிறுதொழில் நிறுவனம் ஒன்றின் வேலைகளைக் கேட்டறிந்து, அதற்கேற்ற மடிக்கணினியின் தகுதிகளைப் பட்டியலிடுக.
2. 'போதுமானதே சிறந்தது' என்னும் கருத்தை ஆடம் ஆஸ்பார்னின் வெற்றி தோல்விகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. 75,000 ரூபாய் மதிப்புள்ள மடிக்கணினிக்குரிய வரியையும், அது ஆறாண்டு பயன்பட்டால் வரி நீங்கலாக ஓராண்டிற்கு ஆகும் செலவையும் கணக்கிடுக.
4. தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தி, தொழிற்கூடப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்க.