நிலவின் இரவில் ஒரு மின்கலம்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள். பெங்களூரு பீன்யாவில் உள்ள இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நிலவுக்குச் சில கட்டளைகள் சென்றன. நிலவின் தென்முனையை ஒட்டிய பகுதியில் பத்து நாள்களாக உருண்டு சென்று ஆய்வு செய்துவந்த பிரக்யான் ஊர்தியை உறங்கவைக்கும் கட்டளைகள் அவை. அதன் ஆய்வுக் கருவிகள் நிறுத்தப்பட்டன. அதன் மின்கலம் அப்போது முழுமையாக மின்னேற்றம் பெற்றிருந்தது. அடுத்த சூரிய உதயத்தின் ஒளி நன்கு விழும் திசையை நோக்கி அதன் சூரியத் தகடு திருப்பி வைக்கப்பட்டது. பூமியிலிருந்து வரும் அழைப்பைக் கேட்கும் ஏற்பி மட்டும் இயங்கும் நிலையில் விடப்பட்டது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள் காலையில், விக்ரம் தரையிறங்கு கலமும் உறங்கவைக்கப்பட்டது.

மீண்டும் சூரியன் உதிக்கும் நாள் செப்டம்பர் 22 எனக் கணிக்கப்பட்டிருந்தது. அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். நிலவின் தரை எப்படி இருக்கும் என்பதைச் சோதிக்க, அதையொத்த பாறைகளை நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியிலிருந்து எடுத்துப் பொடியாக்கிப் பெங்களூரில் ஒரு செயற்கை நிலவுத் தரையையே இஸ்ரோ அறிவியலாளர்கள் அமைத்திருந்தனர். ஆனால் விக்ரமும் பிரக்யானும் ஒரு நிலவுப் பகலுக்கு, அதாவது பூமிக் கணக்கில் ஏறத்தாழ 14 நாள்களுக்கு, உழைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. இரவைக் கடப்பது திட்டத்தில் இல்லாத ஒன்று. கடந்தால் அது கூடுதல் பயன்.

முழுமையாக மின்னேற்றம் பெற்ற மின்கலம் குளிரைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? உள்ளே மின்சாரம் நிறைந்துதானே இருக்கிறது?

உறைந்த எண்ணெய்

பெங்களூரில் வாழும் குழந்தைகளுக்கு இதன் விடை வீட்டிலேயே இருக்கிறது. மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தால் ஒரு துளியும் விழாது. எண்ணெய் குறைந்துவிடவில்லை, முதல் நாள் இருந்த அளவு அப்படியே இருக்கிறது. ஆயினும் தலைக்குத் தேய்க்கக் கிடைப்பதில்லை. குப்பியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் எண்ணெய் மீண்டும் ஒழுகுகிறது. குளிரில் மின்கலத்துக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுவே.

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள லித்தியம் அயனி மின்கலத்தினுள் இரண்டு மின்வாய்கள் உள்ளன. ஒன்று பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. மற்றொன்று லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு போன்ற சேர்மத்தால் ஆனது. இரண்டுக்கும் இடையே மின்பகுளி என்னும் நீர்மம் நிரம்பியிருக்கிறது. மின்கலம் மின்சாரம் தரும்போது, லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிலிருந்து புறப்பட்டு மின்பகுளியின் வழியே நீந்தி மறுபுறம் சேர்கின்றன. எலக்ட்ரான்களோ உள்ளே செல்லாமல் வெளியே உள்ள கம்பியின் வழியே செல்கின்றன. விளக்கை எரிப்பதும் கேமராவை இயக்குவதும் அந்த எலக்ட்ரான்களே.

குளிர் மிகுந்தால் மின்பகுளி தடித்துக் குழம்பு போலாகிறது. அயனிகளின் நீச்சல் தளர்கிறது. மின்வாய்களில் நடக்கும் வேதிவினையும் மெதுவாகிறது. இதனால் மின்கலத்தின் அகமின்தடை உயர்கிறது. கருவி சற்று மிகுதியாக மின்சாரம் கேட்டவுடன் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. மின்னழுத்தம் சரிந்ததைக் கண்ட கருவி, மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்கிறது. உறைபனி விழும் சனவரி விடியலில் உதகையில் நின்று படம் எடுப்போரின் கைப்பேசி, முப்பது விழுக்காடு மீதமிருப்பதாகக் காட்டியபடியே அணைந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். கைப்பேசி பொய் சொல்லவில்லை. அந்த முப்பது விழுக்காடு உள்ளே இருக்கிறது. குளிர் அதை வெளியே விடவில்லை, அவ்வளவே.

பனிமலையில் காத்திருக்கும் கண்கள்

கனடா, நார்வே போன்ற குளிர்நாடுகளில் வேட்டைக்குச் செல்வோர் இந்தச் சிக்கலை நன்கு அறிவர். விலங்கின் உடல்வெப்பத்தைக் கொண்டு அதை இருளிலும் காட்டும் வெப்பப்படத் தொலைநோக்கிகளை அவர்கள் பயன்படுத்துகின்றனர். வீட்டில் பல மணிநேரம் உழைக்கும் அதன் மின்கலம், பனியில் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. எனவே இத்தகைய கருவிகளை இங்கே பனியிடையே சுமந்து செல்வோர் எல்லைக் காவல் வீரர்களும் காட்டுயிர் ஆய்வாளர்களுமே.

பனிச்சிறுத்தையை எண்ணுவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இமயத்தின் பாறைகளோடு பாறையாகக் கலந்து நிற்கும் அவ்விலங்கை மனிதர் காண்பது மிக அரிது. 2019 முதல் 2023 வரை நடைபெற்ற இந்தியாவின் முதல் முழுமையான பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. விலங்கு குறுக்கே வந்தால் தாமாகவே படம் எடுப்பவை அவை. அந்தப் படங்களில் 241 தனித்தனிப் பனிச்சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றைக் கொண்டு நாட்டில் மொத்தம் 718 இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. ஆளில்லாத மலைச்சரிவில் வாரக்கணக்கில் நிற்கும் கேமராவின் மின்கலம் ஓர் இரவு ஓய்ந்தால், அந்த இரவில் கடந்துபோன விலங்கு கணக்கில் வராது.

ஆகவே மின்கலத்தைத் தேர்ந்தெடுப்பதே அங்கு ஒரு கலை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அல்கலைன் மின்கலத்தின் மின்பகுளி நீரில் கரைந்த காரம். கடுங்குளிரில் அது விரைவில் தளர்ந்துவிடும். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலம் அதைவிடத் தாங்கும். லித்தியம் அயனி மின்கலம் எடை குறைந்தது; ஆனால் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸில் அதன் ஆற்றலில் பெரும்பங்கு கிடைக்காமல் போகலாம். சுழியத்துக்குக் கீழ் 40 பாகை வரை உழைக்கும் லித்தியம் மின்கலங்களும் உண்டு. அவை ஒருமுறை மட்டுமே பயன்படுபவை; விலையும் மிகுதி.

மலையேறுவோர் இதற்குக் கண்ட வழி மிக எளியது. மாற்று மின்கலத்தை முதுகுப்பையில் வைப்பதில்லை. உடலோடு ஒட்டிய உட்சட்டைப் பையில் வைக்கின்றனர். ஓய்ந்த மின்கலத்தைக் கழற்றி அதே பையில் இட்டால், உடற்சூட்டில் அது சிறிது உயிர்பெற்று மேலும் சில படங்களுக்கு உதவும்.

மின்னேற்றும்போது வரும் கேடு

மின்சாரத்தை எடுக்கும்போது குளிர் செய்வது தாமதம் மட்டுமே. மின்னேற்றும்போது அது செய்வது கேடு. இந்த வேறுபாட்டைப் பலரும் அறிவதில்லை.

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் திரும்பி வந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் ஒரே வாயில் உள்ள பேருந்தில் கூட்டம் ஏறுவதை இதற்கு ஒப்பிடலாம். ஏறுவோர் மெதுவாக நகர, பின்னிருந்து வருவோர் தள்ளினால், பலர் உள்ளே செல்ல இயலாமல் படியிலேயே தொங்குவர். சுழியப் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் அயனிகளுக்கும் இதே நிலைதான். அடுக்குக்குள் நுழைய முடியாத அயனிகள் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மீண்டும் பயன்படுவதில்லை. மின்கலத்தின் கொள்திறன் நிலையாகக் குறைகிறது. அந்தப் படிவு ஊசி போல வளர்ந்து, மின்வாய்களைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். தீப்பற்றுவதற்கும் இடமுண்டு.

எனவே பனியிலிருந்து அறைக்குள் கொண்டுவந்த கருவியை உடனே மின்னேற்றக் கூடாது. அது அறையின் வெப்பநிலையை அடையும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதலில் வெப்பம், பிறகு மின்னேற்றம்.

நிலவின் விடியல்

பிரக்யானின் சிக்கலை இனி எளிதில் உணரலாம். நிலவில் காற்று இல்லை. பகலின் வெப்பத்தை இரவுக்குச் சேமித்துவைக்கும் போர்வையும் இல்லை. விக்ரமில் இருந்த சாஸ்டே என்னும் கருவி பகலில் மண்ணின் வெப்பத்தை அளந்தபோது, மேற்பரப்பில் 50 பாகைக்கு மேலும், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழ் 10 பாகை அளவிலும் இருந்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் இத்துணை வேறுபாடு! இரவிலோ அப்பகுதியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 120 முதல் 200 பாகை வரை இறங்கும். அந்தக் குளிரில் மின்பகுளி குழம்பாவதோடு நிற்பதில்லை, கல்லாக உறைந்துவிடும். கருவியின் பல பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பற்றவைப்புகளும் இணைப்புகளும் விரிசல் காணலாம்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டாலும் விடியலில் மற்றோர் இடர் காத்திருக்கிறது. சூரியத் தகடு ஒளி பட்டவுடன் மின்சாரம் தரத் தொடங்கும். மின்கலமோ இன்னும் குளிர்ந்தே கிடக்கும். மேலே கண்ட கேடு நேரக்கூடிய வேளை அதுவே. கருவிகள் போதிய சூடு பெற்ற பின்னரே அவை விழித்தெழ இயலும்.

இரவைக் கடக்க வழியே இல்லையா? உண்டு. 1970இல் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனாகோட்-1 ஊர்தியில் பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமம் வைக்கப்பட்டிருந்தது. அது அணையாத கணப்பாக இருந்து இரவு முழுவதும் வெப்பம் தந்ததால், அந்த ஊர்தி பத்து மாதங்களுக்கு மேல் உழைத்தது. சீனாவின் நிலவு ஊர்திகளிலும் இத்தகைய வெப்பமூட்டிகள் உண்டு. விக்ரமிலும் பிரக்யானிலும் அவை இல்லை.

செப்டம்பர் 22 வந்தது. சிவசக்தி எனப் பெயரிடப்பட்ட அந்த இடத்தில் சூரியன் எழுந்தது. பெங்களூரிலிருந்து அழைப்புகள் சென்றன. மறுமொழி வரவில்லை. அடுத்து வந்த நாள்களிலும் முயற்சிகள் தொடர்ந்தன; விக்ரமும் பிரக்யானும் விழிக்கவில்லை.

அந்த நம்பிக்கை வீண் ஆசை என்று சொல்வதற்கில்லை. 2024 சனவரியில் நிலவில் இறங்கிய சப்பானின் ஸ்லிம் கலமும் இரவைத் தாங்கும்படி அமைக்கப்பட்டதன்று. ஆயினும் அது மூன்று நிலவு இரவுகளைக் கடந்து, ஒவ்வொரு முறையும் விழித்துப் பூமியோடு பேசியது.

விக்ரமில் மின்கலமே தேவைப்படாத ஒரு சிறு பொருளும் இருந்தது. நாசா அளித்த எதிரொளிப்பி அது. உள்ளங்கைக்குள் அடங்கும் குமிழ் ஒன்றில் பதித்த எட்டுச் சிறு கண்ணாடிப் பட்டகங்கள். எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் அதை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் பணி. 2023 டிசம்பர் 12ஆம் நாள், நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து விக்ரமை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தியது. உறங்கிக்கிடந்த விக்ரமிடமிருந்து அந்த ஒளி திரும்பி வந்தது.

சொற்பொருள்

மின்பகுளி – அயனிகள் நகர்வதற்கு இடமளிக்கும் நீர்மம்
கொள்திறன் – ஒன்று தன்னுள் கொள்ளக்கூடிய அளவு
கணப்பு – குளிர்காயும் நெருப்பு
பட்டகம் – பல பட்டைகளாகச் செதுக்கிய கண்ணாடி

பயிற்சி

1. உறைந்த தேங்காய் எண்ணெய்க்கும் குளிர்ந்த மின்கலத்துக்கும் உள்ள ஒப்புமை யாது?
2. குளிரில் மின்சாரம் எடுப்பதைவிட மின்னேற்றுவது ஏன் தீங்கானது? பேருந்து எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
3. லூனாகோட்-1 பல இரவுகளைக் கடந்தது; பிரக்யான் ஓர் இரவையும் கடக்கவில்லை. காரணம் கூறுக.
4. ‘வெப்பநிலை’, ‘மின்னழுத்தம்’, ‘உறைபனி’ ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைக்க.
5. செயல்பாடு: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணிநேரம் வைத்துப் பாருங்கள். எது முதலில் உறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, கடுங்குளிரில் உழைக்கும் மின்கலத்துக்கு எத்தகைய நீர்மம் ஏற்றது என்று வகுப்பில் பேசுக.