சாரதி திடீரென மயங்கினால்: பண்டாரவளையில் விபத்து நட்டஈட்டு வழக்குக்குத் தயாராவது

இலங்கையில் விபத்து நட்டஈட்டு வழக்கு உரோம-டச்சுச் சட்டத்தின்படி நடக்கிறது. அதற்கு அடிப்படை சாரதியின் கவனயீனம். வலிப்போ மாரடைப்போ வந்து நினைவிழந்தவரிடம் கவனயீனம் ஏது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றால் சாரதியோடு காப்புறுதி நிறுவனமும் தப்பிக்கொள்ளும். ஆகவே, மயக்கம் வந்ததா என்பதைவிட, வரக்கூடும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதே பெரிய கேள்வி.

இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன. 1980இல் வெளியான ராபர்ட்ஸ் எதிர் ராம்ஸ்பொட்டம் வழக்கில், பக்கவாதம் தாக்கிய சாரதி ஒரு தடவை மோதிய பிறகும், உடம்பு சரியில்லை என்று உணர்ந்தும் ஓட்டிக்கொண்டே போனார், அவர் பொறுப்பாளியானார். 1997இன் மான்ஸ்பீல்ட் எதிர் வீட்டாபிக்ஸ் வழக்கில், இரத்தச் சீனி இறங்கும் நோய் தமக்கிருப்பதையே அறியாத லொறிச் சாரதி ஒரு கடைக்குள் மோதினார், நட்டஈடு கிடைக்கவில்லை. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டுவார்கள்.

முதல் வேலை பொலிஸ் முறைப்பாடு. சாரதி அந்த இடத்தில் முதலில் சொன்ன வார்த்தையைக் கேட்டவர்களின் வாக்குமூலம் பதிவாக வேண்டும். “நித்திரை வந்துவிட்டது”, “பிரேக் பிடிக்கவில்லை” என்று அன்று சொன்னவர் பிறகு மயக்கம் என்றால், அந்த முரண்பாடே பெரிய சாட்சி. ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல போகும் ஏ16 வீதியில் வளைவுக்குக் குறைவில்லை. மோதுவதற்குச் சற்றுமுன் வண்டி வளைவில் ஒழுங்காகத் திரும்பியிருந்தால், டயர்த் தடம் பிரேக் பிடித்ததைக் காட்டினால், நினைவே இல்லை என்ற கதை ஆட்டம் காணும். கடைகளின் கமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அவற்றைப் பெறும்படி பொலிஸாரிடம் உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.

அடுத்தது மருத்துவப் பதிவுகள். கிளினிக் கொப்பி சாரதியின் கையில்தான் இருக்கும். தியத்தலாவை, பதுளை வைத்தியசாலைப் பதிவுகளைச் சட்டத்தரணி நீதிமன்றம் மூலம் அழைப்பிக்கலாம். நோய் எப்போது கண்டறியப்பட்டது, மருந்து தவறியதா, வாகனம் ஓட்டவேண்டாமென்று வைத்தியர் சொன்னாரா, அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் நோயை மறைத்தாரா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கே விசேடமாகத் தெரிந்த விடயத்தை அவரே நிரூபிக்கவேண்டும் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. தன் உடல்நிலை பற்றி வாய் திறக்காத சாரதிக்கு எதிராக இதை முன்வைக்கலாம்.

இழப்பைக் காட்ட, தோட்டக் குடும்பங்கள் செக்ரோல் (வேலைநாள்) பதிவு, சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, வைத்தியச் செலவுச் சீட்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். சமாதானமாகப் போவோம் என்று நீட்டப்படும் கடதாசியில், படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

வழக்கை இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு வழக்குக்கு முன்போ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அறிவித்தல் போக வேண்டும். இதைத் தவறவிட்டால், வென்றாலும் பணம் வராமல் போகலாம். நீதவான் நீதிமன்றக் குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பது வீண் தாமதம்: அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே நிகழ்தகவு கூடிய பக்கம் போதும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சாரதியின் கவனயீனத்தை மட்டும் நம்பியிராமல், வாகன உரிமையாளரையும் பார்க்க வேண்டும். வலிப்புள்ளவர் என்று தெரிந்தே லொறியையோ வானையோ ஒப்படைத்த முதலாளியின் கவனயீனம் தனியானது; அவரையும் ஆரம்பத்திலேயே பிரதிவாதியாகச் சேர்ப்பது நல்லது.