பதிவு முதலில், இண்டர்வியூ அப்புறம்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறாள். எய்ம்ஸ் இண்டர்வியூவில் பாஸ் பண்ணி வைப்பதாக ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(பனியன் கம்பெனி டெய்லர், அவிநாசி)

பதில்: எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கு இண்டர்வியூவே கிடையாது. கெசட்டட் அல்லாத குரூப் பி, குரூப் சி வேலைகளுக்கு மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டது. நார்செட் தேர்வு மார்க்தான் எல்லாம். அந்த ஆள் மறுபடி வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து, திருப்பூரில் 30 படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று வருடமாக இருக்கிறேன். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. இங்கிலீஷ் பேச வராது என்று பயமாக இருக்கிறது. கர்நாடகப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிடு என்கிறார் ஏஜென்ட். எப்படித் தயாராவது?
(வாசகி, நெருப்பெரிச்சல்)

பதில்: இங்கிலீஷை விடுங்கள், அம்மணி. கேள்வி கேட்கப் போகிறவர் அநேகமாக நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பார். 42 என்று டக்கென்று சொல்பவரை இலக்கணப் பிழைக்காக யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஏஜென்ட் 'அப்புறம்' என்று தள்ளிவிட்டாரே, அந்தப் பதிவைப் பற்றித்தான் நீங்கள் பயப்பட வேண்டும். தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது; அதன் எல்லை தமிழ்நாடு. ஓசூரைத் தாண்டி வேலை பார்க்க கர்நாடக கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று போக வேண்டும். இந்தக் காகிதம் நகர நாளாகும் என்பதால் இண்டர்வியூ தேதிக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். 2023-இல் தேசிய நர்சிங் கமிஷன் சட்டம் வந்துவிட்டதே, நாடு முழுக்க ஒரே பதிவேடுதானே என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்தச் சட்டமே மாநிலப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. ஹெச்.ஆர். மேஜையில் கேட்பதும் மாநிலப் பதிவைத்தான்.

பதிவில்லாமலே எத்தனையோ பேர் சேர்ந்திருக்கிறார்களே என்பீர்கள். சேர்ந்திருக்கிறார்கள், என்ன பெயரில், என்ன சம்பளத்தில் என்று கேட்டீர்களா? 'டிரெயினி' என்று எழுதி, ஸ்டாஃப் நர்ஸ் செய்யும் வேலை முழுவதையும் வாங்கிக்கொள்வார்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன்பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் சம்பளமே தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரைதானே என்றால், ஆமாம். ஆனால் கேரள நர்ஸ்கள் அதையே பிடித்துக்கொண்டு போராடித்தான் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அரசாணையில் ஏற்றினார்கள். பதிவு பெற்ற நர்ஸ் என்றால் நீங்களும் அதைச் சொல்லிப் பேரம் பேசலாம். டிரெயினி எதைச் சொல்லிப் பேசுவது? ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அப்படித்தான். சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், அட்டெஸ்டட் ஜெராக்ஸ் கொடுங்கள். உங்கள் மார்க் ஷீட்டைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருப்பவரிடம் மூன்றாவது நைட் ஷிஃப்டை முடியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் சொன்னால், வேறு ஏஜென்டைப் பாருங்கள். ஏஜென்டே இல்லாமல் மருத்துவமனைக்கு நேராக விண்ணப்பிப்பது இன்னும் உத்தமம்.

கேள்வி: நானும் ஜி.என்.எம். சின்ன ஆஸ்பத்திரி அனுபவம் நார்செட்டுக்குச் செல்லுமா?
(பெருமாநல்லூர்)

பதில்: செல்லாது. ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேண்டும். அறிவிப்பில் தெளிவாகவே இருக்கிறது, படிப்பதுதான் இல்லை! நெருப்பெரிச்சல் வாசகியின் மூன்று வருடமும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். பெரிய இடத்துக்கு மாறுங்கள். அங்கிருந்து வரும்போது அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இண்டர்வியூவுக்குப் புடவையா, சுடிதாரா?
(பல்லடம்)

பதில்: இஸ்திரி போட்டது எதுவானாலும். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள், அதைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: எய்ம்ஸில் ஆண்களுக்கு இடம் உண்டா?
(15 வேலம்பாளையம்)

பதில்: உண்டு, நூற்றுக்கு இருபது. ஆனால் நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். வடக்கத்திப் பையன்கள் விடிய விடியப் படிக்கிறார்கள். நீங்களும் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.